மின்னிணைப்பியும் காப்புரிமைப் பரிசோதனையும்

புதுப்பொருள் ஒன்றைக் கண்டவனுக்கு அரசாங்கம் வழங்கும் பரிசுகளுள், பேடண்டு என வழங்கும் காப்புரிமை தனித்தன்மை வாய்ந்தது. ஏனைய பரிசுகள் அரசாங்கத்தின் பொக்கிஷத்திலிருந்து வருவன. இதுவோ பொதுமக்களின் சுதந்தரத்திலிருந்து எடுத்துக் கொடுக்கப்படுவது. உரிமை பெற்றவன் அப்பொருளைச் செய்யலாம் என்பதன்று இதன் கருத்து. விண்ணப்பித்த நாள் முதல் இருபது ஆண்டுகள் வரையில் ஏனையோர் எவரும் அவன் இசைவின்றி அதனைச் செய்தலும் விற்றலும் ஆகா என்பதே கருத்து. பலருடைய கையைக் கட்டி ஒருவனுக்கு அளிக்கும் இவ்வுரிமை, தக்கவனுக்கு அளிக்கப்படின் அறமாகும். தகாதவனுக்கு அளிக்கப்படின் பறிப்பாகும். அறத்தையும் பறிப்பையும் பிரித்துக் காட்டுவது பரிசோதனை ஒன்றே. அப்பரிசோதனையை நம் கலாசாலைகள் போதிய அளவு மதிக்கவில்லை என்பது நம் கருத்து. அதனை மின்சாரக் கனெக்டர் என்னும் சிறு பொருளைக் கொண்டு விளக்க முற்படுகின்றோம்.

நெசவிற்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற பெரிய காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு மின்னிணைப்பியைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் வினவலாம். நம் ஊரிலிருந்து வேலை தேடிச் செல்லும் இளைஞர் பலர், ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் உள்ள மின்னணுத் தொழிற்சாலைகளுக்கும் மோட்டார் தொழிற்சாலைகளுக்கும் செல்கின்றனர். அங்குச் செய்யப்படும் கருவிகளுள் கனெக்டர் இல்லாதது ஒன்றேனும் இல்லை. தறியிலும் ஜக்கார்டுப் பெட்டியை மிதித்துத் தூக்கும் உழைப்பைக் குறைக்க மோட்டார் வந்து சேர்ந்துள்ளது. தமிழ்நாட்டினின்றும் செல்லும் விண்ணப்பங்களைப் பரிசோதிக்கும் காப்புரிமை அலுவலகமோ, நமக்கு அணித்தாகச் சென்னைக் கிண்டியிலேயே அமைந்துள்ளது. ஆதலின் இப்பொருள் நமக்கு அயலானதன்று.

மின்னிணைப்பி என்பது யாது? இரண்டு கம்பிகளை வேண்டியபோது சேர்க்கவும், வேண்டாதபோது பிரிக்கவும் வல்ல பொருளே அது. ஒருபுறம் நீட்டிய பின். மறுபுறம் அதனைக் கவ்வும் சாக்கெட்டு. கவ்வும் வில்லின் அழுத்தம் குறைந்தால் தொடுமிடம் சூடேறும்; சூடேறின் உலோகம் கறுக்கும்; கறுத்தால் இன்னும் சூடேறும்; இறுதியில் நெருப்பும் உண்டாகும். நம் வீடுகளில் உள்ள மூன்று முனைப் பிளக்கை நோக்குக. அதில் நிலத்தோடு இணையும் முனை ஏனைய இரண்டினும் நீண்டும் பருத்தும் இருக்கின்றது. செருகும்போது அது முதலில் தொடவும், பிடுங்கும்போது கடைசியில் பிரியவும் வேண்டும் என்பதற்காகவே அங்ஙனம் அமைத்தனர். பருத்திருத்தலால் அது பிற துளைகளில் நுழையாது. ஓர் அங்குல நீளத்தில் ஓர் உயிரைக் காக்கும் அறிவு அடங்கியிருப்பது வியப்பே.

இச்சிறு பொருளில் மற்றொரு தன்மையும் உண்டு. நாற்காலி செய்யும் உரிமை ஒருவனிடம் இருப்பின், நாம் வேறு வகை நாற்காலியில் அமரலாம். கனெக்டரோ இரு பாதிகளால் ஆனது. ஒரு பாதி மற்றொன்றின்றிப் பயன்படாது. சுவரில் ஒருவகைச் சாக்கெட்டைப் பதித்துவிட்ட பின்னர், அதற்கு ஏற்ற பிளக்கையே ஊரார் அனைவரும் வாங்கியாகவேண்டும். ஆகவே இணைப்பின்மேல் ஒருவன் பெறும் உரிமை, தான் செய்த பாதியோடு நில்லாமல் பிறர் செய்யும் பாதியையும் கட்டுப்படுத்த வல்லது. கைப்பேசி முதலிய சிறு கருவிகளுக்கெல்லாம் ஒரே வகை இணைப்பு வேண்டும் என ஐரோப்பிய ஒன்றியம் சட்டமியற்றி, 2024 டிசம்பர் 28 முதல் அதனை நடைமுறைப்படுத்தியதும் இணைப்பின் பொதுத்தன்மையைக் கருதியே. எனவே மற்றப் பொருள்களினும் கனெக்டர் பற்றிய விண்ணப்பத்தைக் கூர்ந்து ஆராய்தல் வேண்டும் என்பது போதரும்.

உண்மையான கண்டுபிடிப்பு இத்துறையில் இல்லையென்று நாம் கூறவில்லை. முற்காலத்தில் அமெரிக்க வீடுகளில் மின்சாரம் விளக்குக்கென்றே வந்தது. வேறு கருவி ஒன்றை இயக்க விரும்புவோர் அதன் கம்பிகளை நேரே முடுக்கவேண்டும், அல்லது விளக்குப் பொருத்தும் இடத்தில் திருகவேண்டும். ஹார்வி ஹப்பெல் என்பவர், விளக்கின் இடத்தில் திருகி நிறுத்தும் ஒரு பகுதியும், அதில் எளிதிற் செருகிப் பிடுங்கும் மற்றொரு பகுதியுமாக இணைப்பை இரண்டாகப் பிரித்து, 1904 நவம்பரில் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். கம்பியைத் தொடாமலே எவரும் கருவியை மாற்றலாம் என்ற நிலை அதனால் உண்டாயிற்று. இத்தகைய ஒன்றிற்குச் சில ஆண்டுகள் உரிமை அளிப்பதை எவரும் குறைகூறார்.

அதற்கு ஒரு நூற்றாண்டின் பின்னர் நிகழ்ந்த மற்றொன்றைக் காண்போம். ஆப்பிள் கம்பெனியார் 2006 இல் தம் மடிக்கணினிக்குக் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் கனெக்டரை அமைத்தனர். எவரேனும் கம்பியில் கால் தடுக்கினால், கணினி கீழே விழாமல் கம்பி மட்டும் கழன்றுவிடும். இது முற்றிலும் புதிய எண்ணமோ எனின், அன்று. ஜப்பானியர் வெந்நீர்க் கலங்களிலும் எண்ணெயிற் பொரிக்கும் மின்கலங்களிலும் காந்த இணைப்பை அதற்கு முன்பே பயன்படுத்தினர். குழந்தைகள் கம்பியை இழுத்துக் கொதிக்கும் எண்ணெயைத் தம்மேல் கவிழ்த்துக்கொள்ளாதிருக்க அவர்கள் கண்ட வழி அது. ஆயினும் 2007 இறுதியில் ஆப்பிள் கம்பெனியாருக்கு அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பெற்றது. காந்தத்தால் இணைத்தல் என்னும் எண்ணம் பழமையாகிவிட்டபடியால், அதனை முழுதும் தமதென்று எவரும் உரிமை கோர இயலாது. இன்ன கருவியில் இன்னவாறு அமைந்த இணைப்பு என வரையறுத்தே கோரமுடியும். பரிசோதனை செய்யும் நன்மை இதுவே. அது கண்டவனை விரட்டுவதன்று. அவன் கண்டது எம்மட்டோ அம்மட்டில் வேலியிட்டு, மிகுந்த நிலத்தைப் பொதுவில் விடுவது.

இனி நம் நாட்டு நிலையை ஆராய்வோம். இந்தியாவில் இச்சட்டத்தின் வரலாறு 1856 இல் தொடங்குகின்றது. கல்கத்தாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஆல்பிரட் டி பென்னிங் என்பார், பங்கா இழுக்கும் இயந்திரம் ஒன்றிற்காக அவ்வாண்டில் முதல் விண்ணப்பத்தைச் செய்தார். பின்னர்ப் பல மாறுதல்களுற்று வந்த சட்டத்தைச் சுதந்தர இந்தியாவின் தேவைக்கேற்ப ஆராயும் பொறுப்பு, சென்னை உயர்நீதிமன்றத்து நீதிபதியாயிருந்த என். ராஜகோபால ஐயங்காரிடம் ஒப்படைக்கப்பட்டது. நம் நாட்டில் வழங்கப்பட்ட உரிமைகளுள் பெரும்பகுதி அயல்நாட்டாரிடம் இருப்பதையும், அவற்றுள்ளும் பல இங்குத் தொழிலாக நடத்தப்படாமையையும் 1959 இல் அவர் தம் அறிக்கையில் எடுத்துக்காட்டினார். அவ்வறிக்கையை அடிப்படையாகக் கொண்டெழுந்த 1970 ஆம் ஆண்டுச் சட்டம் 1972 ஏப்ரல் 20 இல் நடைமுறைக்கு வந்தது. திருத்தங்களோடு இன்றும் அதுவே ஆட்சி செய்கின்றது.

அச்சட்டப்படி, பரிசோதகர் முக்கியமாக மூன்று வினாக்களை எழுப்புகின்றார். இது முன்பு உலகில் எங்கேனும் வெளிவந்ததா என்பது முதல் வினா. வெளிவந்தவற்றை அறிந்த அத்தொழிலாளி ஒருவனுக்கு இது எளிதில் தோன்றக்கூடியதா என்பது இரண்டாவது. தொழிலுக்குப் பயன்படுமா என்பது மூன்றாவது. இவற்றுள் இரண்டாவதே கடினமானது. மேலும், அறிந்த கருவிகளை, அவை ஒவ்வொன்றும் தன் பழைய தொழிலைத் தனித்தனியே செய்துகொண்டிருக்க, வெறுமனே அடுக்குதலும் மாற்றியடுக்குதலும் இரட்டித்தலும் கண்டுபிடிப்பாகா என மூன்றாம் பிரிவு தெளிவாகக் கூறுகின்றது.

இதனை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். மாணாக்கன் ஒருவன் நீண்ட நிலமுனையும், இறுகக் கவ்வும் வில்லும், மின்சாரம் வருவதைக் காட்டும் சிறு விளக்கும் உள்ள பிளக்கு ஒன்றைச் செய்வதாகக் கொள்வோம். மூன்றும் பழையன, மூன்றும் ஒன்றோடொன்று பேசாமல் தத்தம் வேலையைச் செய்கின்றன. இஃது ஒரு மூட்டையேயன்றிக் கண்டுபிடிப்பன்று. ஆனால் தொடுமிடம் அளவிற்கு மிஞ்சிச் சூடேறின் அவ்வெப்பமே வில்லைத் தளர்த்திப் பின்னை வெளியே தள்ளி மின்சாரத்தைத் துண்டிக்குமாறு அவன் அமைப்பானாயின், பகுதிகள் ஒன்றற்கொன்று துணையாகிப் புதியதொரு பயனைத் தருகின்றன. அப்போதுதான் பரிசோதகர் தம் ஏடுகளைப் புரட்டி, இதற்கு முன் இங்ஙனம் எவரேனும் செய்தனரா என்று தேடுதல் தகும். முதற் பொருளுக்கும் இரண்டாம் பொருளுக்கும் இடையே உள்ள இத்தூரத்தைக் காணக் கற்பதே விஞ்ஞானக் கல்வியின் பெரும்பயன் என்போம்.

இந்நெறிக்கு நம் நாட்டுத் தலைமை நீதிமன்றத்தின் தீர்ப்பொன்று நல்ல சான்றாகும். மிர்ஜாப்பூரில் பித்தளைப் பாத்திரம் செய்யும் இரு நிறுவனத்தாரிடையே எழுந்த வழக்கு அது. கடைசல் இயந்திரத்தில் தட்டு முதலியவற்றை அரக்குப் போன்ற பசையால் ஒட்டியும், பற்களால் பிடித்தும் சுழற்றிச் சீவிவந்தனர்; பாத்திரம் நழுவித் தெறித்து வேலையாளுக்குத் தீங்கு நேர்வதும் உண்டு. பாத்திரத்தை எதிர்ப்புறத்திலிருந்து ஒரு கூர்முனைத் தண்டால் அழுத்திப் பிடிக்கும் ஏற்பாட்டிற்கு ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்டிரீஸ் என்னும் நிறுவனத்தார் காப்புரிமை பெற்றனர். பிஸ்வநாத் பிரசாத் ராதே சியாம் என்னும் நிறுவனத்தார் அதனை எதிர்த்தனர். வழக்கு நெடுங்காலம் நடந்து, 1978 டிசம்பர் 13 இல் முடிவுற்றது. அழுத்தும் தண்டு கடைசல் தொழிலில் முன்னமே அறியப்பட்டது. அதனை இதற்குப் பயன்படுத்தியது பட்டறையில் எவருக்கும் தோன்றக்கூடிய சிறு திருத்தமே. ஆதலின் உரிமை செல்லாது என்று நீதிபதிகள் தீர்த்தனர். வேலைக்கு வசதி செய்தது என்பது மட்டும் போதாது. தொழிலறிந்தவன் எண்ணத்திற்கு எட்டாத ஒரு படி ஏறியிருத்தல் வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் சாரம். பாத்திரத்தைப் பிடிக்கும் தண்டிற்குச் சொல்லிய இந்நீதி, பின்னைப் பிடிக்கும் வில்லுக்கும் பொருந்துவதே.

இவ்விடத்தில் மற்றொரு மயக்கத்தையும் நீக்குதல் வேண்டும். காப்புரிமை வேறு, டிசைன் பதிவு வேறு. பின்னது 2000 ஆம் ஆண்டின் டிசைன் சட்டப்படி, கண்ணுக்குப் புலப்படும் உருவம், அமைதி, கோலம் ஆகியவற்றிற்கு அளிக்கப்படுவது. முதலில் பத்தாண்டும், புதுப்பித்தால் பின்னும் ஐந்தாண்டும் நிற்பது. ஒரு பொருள் எவ்வாறு இயங்குகின்றது என்பதையோ, அதன் கட்டுமான முறையையோ அது காவாது. கனெக்டரின் முனை நீண்டிருப்பது அழகிற்காக அன்று, தொழிலுக்காக. ஆகவே அதன் வெளியுருவைப் பதிவு செய்துகொண்டு, மின்னிணைப்பு ஒன்றைக் கண்டுபிடித்ததாகப் பறையறைதல் பொருந்தாது. புடவைக் கரையின் கோலத்தைப் பதிந்தவன் நெசவையே கண்டுபிடித்தவன் ஆவானோ?

இங்குத்தான் நம் கலாசாலைகளை நோக்கி ஒரு வார்த்தை கூற விரும்புகின்றோம். அண்மைக் காலத்தில் உயர்கல்வி நிறுவனங்களை வரிசைப்படுத்தும் கணக்குகளில், வழங்கப்பெற்ற உரிமைக்கு மட்டுமன்றி, வெளியிடப்பெற்ற விண்ணப்பத்திற்கும் மதிப்பெண் அளிக்கும் வழக்கம் உண்டாயிற்று. இதன் விளைவை எண்ணிப் பார்க்க. விண்ணப்பம் எதுவாயினும் பதினெட்டு மாதம் கழிந்தபின் அலுவலகத்தின் வாரப் பத்திரிகையில் வெளிவரும். தனிக்கட்டணம் செலுத்தின் விரைவிலும் வெளிவரும். அவ்வெளியீட்டிற்கு முன் பரிசோதகர் அதன் புதுமையை ஆராய்வதில்லை. பரீட்சைக்குப் பணம் கட்டியவன் பெயரைப் பலகையில் எழுதுவது போன்றதே அது. தேறியவர் பட்டியல் அன்று. அங்ஙனமிருக்க, "காப்புரிமை வெளியிடப்பட்டது" என்று மாலையிட்டுப் படம் எடுத்துக்கொள்வது மாணாக்கர்க்குப் பொய்யைப் பாடமாக்குவதாகும். 2021 முதல் கல்வி நிறுவனங்களுக்குக் கட்டணத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு குறைக்கப்பட்டுள்ளது. ஏழைக் கலாசாலையின் நல்ல கண்டுபிடிப்பு பணமின்மையால் மடியலாகாது என்பதற்காக வந்த சலுகை அது. எண்ணிக்கையைப் பெருக்குவதற்காக வந்ததன்று.

"பரிசோதகரின் கண்டிப்பு பெருமுதலாளிகளை ஒன்றும் செய்யாது; வக்கீல் வைக்க இயலாத எளியவனையே அது வாட்டும்" என்று சிலர் கூறுவர். இதில் உண்மை இல்லாமலில்லை. ஆட்சேபக் கடிதம் வந்தால் ஆறு மாதத்திற்குள் விடையிறுக்கவேண்டும். அதன் நடையே பலருக்கு விளங்காது. ஆயினும் இதற்குப் பரிகாரம் பரிசோதனையைத் தளர்த்துவதன்று. எளியவனுக்கு அதனைப் படித்து விளக்குவாரை உண்டாக்குவதே. தளர்ந்த பரிசோதனையால் பெரிதும் துன்புறுவோன் எளியவனே. ஐந்நூறு தகாத உரிமைகளை வாங்கிக் குவிப்பவன் செல்வன். அவற்றுள் எது செல்லும், எது செல்லாது என வழக்காடித் தெளிய இயலாமல் தன் பட்டறையை மூடுபவன் ஏழை. அலுவலகம் செய்யும் பரிசோதனை உரிமையின் செல்லுபடிக்கு உத்தரவாதம் ஆகாதென்று சட்டமே கூறுகின்றது. ஆனால் அத்தவற்றை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கும் செலவு யாருடையது?

இனி நம் ஊரின் தொழிலை நோக்குவோம். காஞ்சிப் பட்டின் பெருமை ஓர் இணைப்பில் இருக்கின்றது. உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக நெய்யும்போது, மூன்று நாடாக்களை ஓட்டி, இரு நிற ஊடையும் சந்திக்குமிடத்தில் ஒன்றையொன்று கோத்துக்கொள்ளச் செய்வர், அதுவே கோர்வை. முந்தியின் பாவை உடலின் பாவோடு இழை இழையாகப் பிணைக்கும் பிட்னி வேலையும் அத்தகையதே. புடவை கிழிந்தாலும் இணைப்பு விடாது என நம்மவர் பெருமையுடன் சொல்வர். பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் தலைமுறை தலைமுறையாக வந்த இவ்விணைப்பு எவருடைய தனியுடைமையும் அன்று. 2005-06 இல் காஞ்சிபுரம் பட்டு புவிசார் குறியீடாகப் பதிவு பெற்றது. அப்பதிவு பெயரைக் காப்பதேயன்றிக் கோர்வை நெய்யும் முறையை எவருக்கும் பூட்டி வைக்கவில்லை. தந்தை மகனுக்குக் கற்பித்தான். அயலானும் கண்டு கற்றான். அதனாலேயே அஃது உயிருடன் இருக்கின்றது.

ஆனால் இத்தகைய அறிவிற்கு ஒரு குறை உண்டு. அஃது ஏட்டில் இல்லை. தறிக்கு மோட்டாரை இணைக்கவும், ஜக்கார்டுக்கு மின்கம்பி கொண்டுசெல்லவும், தூசியும் அதிர்வும் மிகுந்த இடத்தில் கனெக்டர் கழலாமல் நிற்கவும் பட்டறைக்காரர் கண்ட சிறு உபாயங்கள் எங்கும் எழுதப்படாமல் கிடக்கும். பரிசோதகர் கிண்டியில் அமர்ந்து தேடும்போது அவர் கண்ணுக்குப் படுவன அச்சேறிய நூல்களும் பழைய விண்ணப்பங்களுமே. எழுதப்படாததை இல்லாதது என்று அவர் கொள்ளின், குற்றம் அவருடையதன்று. நாளை ஒருவன் அவ்வுபாயத்தையே தனதென்று விண்ணப்பித்து உரிமை பெறின், அதனைக் கண்டவனே அதற்கு வாடகை கொடுக்க நேரும்.

எனவே மூன்று காரியங்களை முன்வைக்கின்றோம். முதலாவது, நம் விஞ்ஞான மாணாக்கர் ஆண்டுதோறும் நம் பட்டறைகளுக்கும் தறிக்கூடங்களுக்கும் சென்று, அங்குள்ள உபாயங்களைச் செய்தவர் இசைவு பெற்றுப் படத்துடனும் தேதியுடனும் எழுதி, இப்பத்திரிகையிலேயே வெளியிடுதல் வேண்டும். எந்நாட்டில் எவ்வேட்டில் வெளிவந்ததாயினும், விண்ணப்ப நாளுக்கு முந்தியதாயின், அது பின்வரும் உரிமைக் கோரிக்கையைத் தடுக்கவல்லது. ஆயின் ஓர் எச்சரிக்கை: தானே காப்புரிமை பெற விரும்புவோன் விண்ணப்பிக்கும் முன் வெளியிடலாகாது, அவ்வெளியீடு அவன் புதுமையையும் அழித்துவிடும். இரண்டாவது, வெளியிடப்பெற்ற விண்ணப்பங்களுள் நம் தொழிலைத் தொடுவனவற்றைப் படிக்கச் சிறு கழகம் ஒன்று அமைத்தல் வேண்டும். உரிமை வழங்கப்படுமுன் எவர் வேண்டுமாயினும் எழுத்து மூலம் எதிர்ப்புத் தெரிவிக்கலாம் என்று 25 ஆம் பிரிவு இடந்தருகின்றது. குடிமகனுக்கு அளித்த இக்கதவைத் தட்டுவாரின்றி விடுதல் நம் சோம்பலேயாம். மூன்றாவது, நம் கலாசாலையின் அறிக்கையில் விண்ணப்பம், வெளியீடு, பரிசோதனை முடிந்து வழங்கப்பெற்ற உரிமை ஆகிய மூன்றையும் தனித்தனியே காட்டுதல் வேண்டும்.

காப்புரிமை அலுவலகங்களிலும் தொழிற்சாலைகளிலும் பணிபுரியும் பழைய மாணவர் இதற்குத் துணைசெய்வாராக. பரிசோதகரின் ஆட்சேபக் கடிதம் வந்தால் மாணாக்கன் முகம் வாடவேண்டுவதில்லை. அவன் எழுதியதை வரி வரியாகப் படித்து, உலகின் ஏடுகளோடு ஒப்பிட்டு, "இவ்விடத்தில் நீ புதியவனல்லன்" என்று ஒருவர் உழைத்து எழுதிய விடை அது. மாலையினும் அக்கடிதம் மதிக்கத்தக்கது. அதற்கு நேர்மையாக விடையிறுத்து, தன் வேலியைக் குறுக்கவேண்டிய இடத்திற் குறுக்கி, நிற்கவேண்டிய இடத்தில் உறுதியாக நின்று பெறும் உரிமையே உரிமை. நம் கலாசாலையிலிருந்து அத்தகையது ஆண்டிற்கு ஒன்று வந்தாலும் அமையும்.